கரிசல் சாலையில் சக்கரத் துள்ளல்

சக்கரத் துள்ளல் என்பது, வண்டியை இழுக்கும் சக்கரம் தரையைப் பிடிப்பதும் விடுவதுமாக நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை மாறிமாறிச் செய்வதால் எழும் கடும் அதிர்வு. நிற்கும் காரை விசையாகக் கிளப்பும்போதோ, ஈரத்திலும் மணலிலும் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ காரின் முன்பகுதி தடதடவென உதறும். ஸ்டீயரிங் கையில் அடிக்கும், டேஷ்போர்டு நடுங்கும், வண்டியோ எதிர்பார்த்த அளவு முன்னேறாது. சக்கரம் வெறுமனே வழுக்கிச் சுழல்வது வேறு. முடுக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதும் வேறு. அந்த இரண்டிலும் டயர்தான் தேயும், கைதான் வலிக்கும். துள்ளலிலோ ஆக்சில், சி.வி. ஜாயின்ட், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் மவுண்டிங் ஆகியவற்றின் மேல் சம்மட்டி அடி விழுகிறது. 1983இல் மாருதி 800 வந்தபின் முன்சக்கர இழுவை இந்தியச் சாலைகளில் பரவியது. குறைந்த விசை கொண்ட அந்த வண்டிகளில் துள்ளல் அரிது. இன்று 1.5 லிட்டர் டர்போ இன்ஜினுடன் 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் வெர்டஸ், ஸ்லாவியா போன்ற குடும்பக் கார்களே ஓடுகின்றன. 2016இல் விற்பனைக்கு வந்த போலோ ஜிடிஐ 192 குதிரைத்திறனும், 2020இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245 குதிரைத்திறனும் முன்சக்கரங்களுக்கே அனுப்பின. துள்ளலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், இளகும் இடங்களையெல்லாம் இறுக்குவது. வழவழப்பான பந்தயத் தடத்தில் பிறந்த அந்த வைத்தியம் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுச் சாலைகளுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே டயரும் தேய்ந்த புஷ்ஷும் முதலில், ஷாக் அப்சார்பர் அடுத்து, இறுக்கம் கடைசியில் என்ற வரிசையே சரி.

காரணத்தைப் பார்த்தால் இந்த வரிசை விளங்கும். டயர் தரையில் சற்றே வழுக்கினால்தான் இழுவிசை பிறக்கும். வறண்ட தார்ச்சாலையில் வழுக்கல் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டை எட்டும்போது பிடிப்பு உச்சத்துக்கு வரும். அதைத் தாண்டினால் வழுக்கல் கூடக் கூடப் பிடிப்பு குறையும். இந்த இறங்குமுகம்தான் துள்ளலின் விதை. கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் அழுத்தித் தேய்த்தால் அது கிறீச்சிட்டு விட்டுவிட்டுக் கோடு போடுவதும் இதே இயல்பினால்தான்: ஒட்டுகிறது, வளைகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. சாக்பீஸுக்கு அதைப் பிடித்திருக்கும் விரல் எப்படியோ, சக்கரத்துக்கு, அதை உடற்கூட்டோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் அப்படி. பிடிப்பு கிடைத்த கணத்தில் சக்கரம் புஷ்ஷை நசுக்கிக்கொண்டு முன்னோக்கி நகர்கிறது. பிடிப்பு விட்டதும் புஷ் அதைப் பின்னால் தள்ளுகிறது. இந்த முன்பின் ஆட்டம், டயர் ரப்பர் பந்துபோல் மேலும் கீழும் குதிக்கும் ஆட்டத்தோடு தாளம் சேர்ந்துவிட்டால் துள்ளல் தானாகவே தனக்குத் தீனி போட்டுக்கொள்ளும். சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்து 40 கிலோ என்றும், டயரின் செங்குத்து விறைப்பு மில்லிமீட்டருக்கு 220 நியூட்டன் என்றும் வைத்துக்கொண்டால், அது இயல்பாகக் குதிக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை. ஓட்டுநர் உணரும் உதறலின் வேகமும் இதுவே.

அடுத்தது எடை. 1,200 கிலோ காரில் நிற்கும் நிலையில் முன்சக்கரங்கள் மேல் 720 கிலோ இருப்பதாகக் கொள்வோம். கார் முடுகும்போது எடை பின்னோக்கிச் சாயும். எடைமையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர், சக்கர இடைத்தூரம் 2.6 மீட்டர் என்றால், புவிஈர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்கு முடுக்கம் பெறும் நேரத்தில் முன்சக்கரங்களின் சுமை 600 கிலோ அளவுக்குச் சரிந்துவிடும். நல்ல தார்ச்சாலையில் அந்தச் சுமை தாங்கக்கூடிய முறுக்குவிசை இரு சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,650 நியூட்டன் மீட்டர். இன்ஜினின் 250 நியூட்டன் மீட்டரை முதல் கியர் பதின்மூன்று மடங்காக்கினால் 3,000க்கு மேல் வந்து நிற்கும். தரை ஏற்பதைப்போல இரு மடங்கு! குறுக்காக அமைந்த இன்ஜினில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் முழு முறுக்கின் எதிர்விசையையும் இன்ஜின் மவுண்டிங்குகளே தாங்குகின்றன. அவற்றில் கீழே இருக்கும் குட்டை மவுண்டிங், இன்ஜின் முன்பின் சாய்வதைத் தடுப்பதற்கென்றே உள்ளது. அதன் ரப்பர் பிய்ந்துவிட்டால் துள்ளலுக்கு இரண்டாவது வில் கிடைத்துவிடும்.

இனி மண். கரிசலின் களிமண்ணில் மாண்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம் மிகுதி. தண்ணீர் கண்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பியதும் சித்திரை வெயிலில் சுருங்கியதும் மேலே கிடக்கும் சாலையைச் சும்மா விடுவதில்லை. சாலையின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள ஈரம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. ஓரங்கள் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டே இருப்பதால் அங்கேதான் நெடுவாட்டு வெடிப்பும் மேடுபள்ளமும் தோன்றும். சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பக்குவப்படுத்தியோ, உப்பாத மண்ணை அடுக்காகப் போட்டோ சாலை அமைத்தால் இது பெரிதும் அடங்கும். கோவில்பட்டியைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலைப் பக்கம் பிரியும் ஊர்ச்சாலைகளில் இறங்கினால் தெரியும். சரளைச் சாலையில் அரை மீட்டர் இடைவெளியில் வரிவரியாக அலை எழுந்திருந்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை நொடிக்கு 11 முறை தட்டும். டயர் இயல்பாகக் குதிக்கும் வேகத்துக்கு மிக அருகில் இது. பந்தயத் தடத்தில் இன்ஜின் மட்டுமே துள்ளலைத் தொடங்கிவைக்கும். இங்கே சாலையும் கைகொடுக்கிறது. மழைக்காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் டயர்கள் தார்ச்சாலையில் உதிர்த்துச் செல்லும் கரிசல் கட்டிகள் நசுங்கி வழுவழுப்பான பூச்சாகிவிடும். அங்கே பிடிப்பு பாதியாகக் குறைந்தால், சக்கரம் இழுக்கக்கூடிய விசையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். அப்போது சாதாரண இன்ஜின்கூடச் சக்கரத்தைத் துள்ளவைத்துவிடும். ஆகவே இன்ஜின் விசையைக் குறைத்தால் துள்ளல் தீரும் என்ற வாதம் பாதியளவே உண்மை. விசை மிச்சமிருந்தால் துள்ளல் எளிதாகத் தொடங்கும்; ஆனால் நோய் இருப்பது டயர், புஷ், மவுண்டிங், தரை ஆகியவற்றின் உறவில்.

டயருக்கு முதலிடம் கொடுப்பதற்கு உழவுத் தொழிலிலிருந்தே சான்று உண்டு. நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய டிராக்டர்கள், கீழே இறுகி மேலே புழுதியாக இருக்கும் வறண்ட நிலத்தில் கனமான கலப்பையை இழுக்கும்போது முன்னும் பின்னுமாகக் குதிரைபோலத் துள்ளும். வட அமெரிக்காவின் பெரும் பண்ணைகளில் ரேடியல் டயர்கள் வந்த பிறகு இது பெரிய தொல்லையானது. பெரும்பாலான டிராக்டர்களின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. டயர் ஒன்றே வில். அங்கே கண்ட தீர்வு எந்த உறுப்பையும் இறுக்குவதல்ல: முன், பின் டயர்களின் காற்றழுத்தத்தைத் தனித்தனியே திருத்துவதும், பாரத்தை எந்த அச்சின் மேல் எவ்வளவு வைப்பது என்று மாற்றுவதும்தான். காருக்கும் இது பொருந்தும். கல்லுக்கும் முள்ளுக்கும் பயந்தும், மைலேஜ் ஆசையிலும் டயரில் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக அடிக்கும் வழக்கம் இந்தப் பக்கம் பரவலானது. 27 டிகிரி காலையில் 30 பவுண்டு இருந்த டயர், ஓடிச் சூடேறி 60 டிகிரியை எட்டினால் ஏறத்தாழ 35 பவுண்டைக் காட்டும். காலையிலேயே கூடுதலாக அடித்த டயர் மதியத்தில் கல்லாகிவிடும்; தரையைத் தொடும் பரப்பு சுருங்கும்; அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும் ரப்பரின் குணமும் குறையும். உற்பத்தியாளர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவை விடியற்காலையில், வண்டி ஓடுமுன், சரிபார்த்து வைப்பது செலவில்லாத முதல் வைத்தியம். அதே சமயம் அளவுக்குக் கீழே இறக்கவும் கூடாது. பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். டயரின் பக்கச்சுவர் துவண்டு, துள்ளலுக்கு இன்னொரு இளகிய வில்லாகும்.

அடுத்தது தேய்மானம். கரிசல் சாலையில் ஓடும் காரின் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், கீழ் மவுண்டிங் மூன்றும் நெடுஞ்சாலைக் காரைவிட முன்னதாகவே தளர்கின்றன. பட்டறையில் ஆர்முக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தாலே கிழிந்த புஷ் தெரிந்துவிடும். தேய்ந்த புஷ்ஷுக்கு அதே தரத்தில் புதிய ரப்பர் புஷ் போட்டதுமே துள்ளல் நின்றுவிட்டால், அதற்குமேல் இறுக்குவதற்குக் காரணமில்லை. உண்மையில் கூடுதல் இறுக்கம் தேவைப்படுவது கீழ் மவுண்டிங்குக்குத்தான். அதன் ரப்பரில் விட்டிருக்கும் துவாரங்களை பாலியூரித்தேன் செருகலால் நிரப்பினால் இன்ஜினின் சாய்வு கணிசமாகக் குறையும். சும்மா நிற்கும்போதும் ஏசி ஓடும்போதும் உள்ளே சற்று அதிர்வு கூடும் என்பது உண்மையான விலை. அதை ஏற்றுக்கொள்ளலாம், ஏனெனில் சாலையின் அடி அந்த மவுண்டிங் வழியாக வருவதில்லை. ஆர்ம் புஷ்ஷின் கதை வேறு. பள்ளத்தின் அடியை உடற்கூட்டுக்குப் போகாமல் வாங்கிக்கொள்வதே அதன் முதல் வேலை. அதையும் பாலியூரித்தேனாகவோ உலோகக் கோள மூட்டாகவோ மாற்றினால் பந்தயத் தடத்தில் துள்ளல் அடங்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். மேடுபள்ளமான ஊர்ச்சாலையிலோ ஒவ்வொரு அடியும் சப்ஃபிரேமுக்கும் போல்ட்டுக்கும் நேரே இறங்கும். கரிசல் புழுதி ஏறிய பாலியூரித்தேன், கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிடவும் ஆரம்பிக்கும். துவாரமில்லாத கெட்டி ரப்பர் புஷ் இடைவழி. வாரம் முழுக்க ஊருக்குள் ஓடி எப்போதாவது பந்தயத் தடத்துக்குப் போகும் காருக்கு அதுவே எல்லை.

ஷாக் அப்சார்பரை இறுக்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். துள்ளல் மேலும் கீழுமான ஆட்டம் என்பதால் தணிப்பு கூடினால் ஆட்டம் குறையும் என்ற எண்ணம் சரியே. ஆனால் அதிகமாக இறுக்கினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவே நேரம் எடுக்கும்; தரையை விட்டு மிதக்கும்; மறுபடி தரையைத் தொடும் கணத்தில் பிடிப்பு வெடிப்பாக வந்து, தணிக்க நினைத்த ஆட்டத்தையே தூண்டிவிடும். எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக்கை மாற்றுவது கட்டாயம். உயிருள்ள ஷாக்கை அதன் இயல்பைவிட மிகவும் கடினமாக்குவது வீண்.

மின்னணு இழுவைக் கட்டுப்பாடு இருக்கும்போது இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். சுழலும் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்தும் இன்ஜினை அடக்கியும் அது வழுக்கலைக் குறைக்கிறது; பல நேரங்களில் துள்ளல் வளருமுன்பே நின்றுவிடுகிறது. ஆனால் அது செயல்படுவது சக்கரம் வழுக்கிய பிறகு. அதன் பிரேக் துடிப்பும் துள்ளலின் தாளமும் நெருங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து உதறுவதும் உண்டு. கிழிந்த புஷ்ஷை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது. வரம்பு வழுக்கல் டிஃபரன்ஷியல் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு சக்கரம் தாரிலும் மற்றது கரிசல் சேற்றிலும் நிற்கும்போது, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளிவிடும் என்பதால் அது மெச்சத்தக்க கருவியே. அந்தத் தள்ளலோடு ஸ்டீயரிங்கும் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும்.

வண்டியில் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், துள்ளல் தொடங்கிய கணத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே உடனடி மருந்து. அழுத்திக்கொண்டே போனால் பிடிக்கும் என்று காத்திருக்கும் இரண்டு மூன்று நொடிக்குள் முப்பது அடிகள் ஆக்சிலில் விழுந்திருக்கும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் சாலை காயத் தொடங்கும் நேரம் இவற்றைப் பரிசோதிக்க ஏற்றது: டயர் அழுத்தம், ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், கீழ் மவுண்டிங், சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை. அந்த உறையில் மயிரிழை அளவு கிழிசல் இருந்தாலும், சேறாய்ப் புகுந்த கரிசல் கோடையில் புழுதியாய்க் காய்ந்து ஜாயின்ட்டின் குண்டுகளை அரைக்கும்.