எச்சரிக்கை வந்த பிறகு என்ன செய்வது? பேரிடர் திட்டமிடலில் ஒடிசா கிராமங்களின் பங்கு

புயல் எச்சரிக்கை ஒரு கிராமத்தைச் சென்றடைவது பாதிப் பணி மட்டுமே. நடக்க இயலாத முதியவரை யார் அழைத்துச் செல்வது, கால்நடைகளை எங்கே கட்டுவது, எந்தப் பாதை முதலில் நீரில் மூழ்கும் என்பன போன்ற கேள்விகளுக்கான விடை அந்த ஊர் மக்களிடமே உள்ளது. பேரிடர் அபாயத்தைக் குறைக்கும் திட்டமிடலில் அவர்களைப் பங்கேற்கச் செய்வதன் அடிப்படை இதுவே.

இதற்கு ஒடிசா முக்கிய எடுத்துக்காட்டு. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி அந்த மாநிலத்தைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. 2019 மே மாதம் ஃபானி புயல் கரையைக் கடப்பதற்கு முன்பு சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு 64 ஆக இருந்தது. துல்லியமான வானிலைக் கணிப்பு, புயல் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றுடன் கிராம அளவிலான தயார்நிலையும் இந்த மாற்றத்துக்குக் காரணம்.

<b>திட்டம் உருவாவது எப்படி?</b>

தாழ்வான பகுதிகள், வெளியேறும் வழிகள், உறுதியான கட்டடங்கள், கர்ப்பிணிகளும் மாற்றுத்திறனாளிகளும் வசிக்கும் வீடுகள் ஆகியவற்றைக் கிராம மக்களே வரைபடத்தில் குறிக்கின்றனர். எச்சரிக்கையைப் பரப்புதல், மீட்பு, முதலுதவி ஆகிய பணிகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. பாதுகாப்பு மையங்களின் பராமரிப்பும் உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்பூர், ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹி ஆகிய கிராமங்களை, சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான கிராமங்களாக யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையம் 2020-இல் அங்கீகரித்தது. அபாய வரைபடம், வெளியேறும் திட்டம், ஒத்திகை உள்ளிட்ட 12 அளவுகோல்களின் அடிப்படையில் இந்த அங்கீகாரம் வழங்கப்படுகிறது.

<b>சட்டம் கூறுவது என்ன?</b>

உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்த பிறகே மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. எனினும், கலந்தாலோசனை ஊராட்சி அலுவலகத்துடன் முடிந்துவிட்டால், பெண்கள், நிலமற்றோர், மீனவர்கள் ஆகியோரின் தேவைகள் திட்டத்தில் இடம்பெறாமல் போகக்கூடும்.

ஒருமுறை தயாரித்த திட்டமும் நிரந்தரமானதல்ல. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் செல்லும்போது மீட்புக் குழுக்களில் ஆள் குறையும். புதிய சாலைகளும் கட்டடங்களும் வெள்ளம் பாயும் திசையை மாற்றும். எனவே, ஒவ்வொரு புயல் பருவத்துக்கும் முன்பு வரைபடத்தையும் குழுப் பட்டியலையும் கிராம மக்களே சரிபார்ப்பது அவசியமாகிறது.