பேடும் சேவலும்: வன்னியின் அடைக் கணக்கு

கூர் முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பேடாகும். தமிழ்க் கிராமங்களில் கோழியை அடை வைக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கணக்கு இது. இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியின் முற்றங்களுக்கும் பழகிய பேச்சு. கடலுக்கு அப்பாலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. நீண்டு கூர்ந்த முட்டைதான் பேடு என்று எழுதினார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த உரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, பேட்டுக்குஞ்சு வேண்டுமானால் உருண்டை முட்டைகளைப் பொறுக்கி வைக்கச் சொன்னார். வன்னி ஆச்சிமார் கொலுமெல்லாவின் பக்கம்.

இரு தரப்பின் கணக்கும் பிழை. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த காரணம் மிக உண்மையானது. காலபோக நெல்லுக்குப் பணம் வருவது ஆண்டில் ஒரு முறை. இடைப்பட்ட மாதங்களில் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் காசு தருவது முற்றத்துக் கோழிதான். அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்கே வரும். பேடு முட்டையிடும், அடை காக்கும், கூட்டத்தைப் பெருக்கும். சேவல் விலைக்குப் போகும் அல்லது கறிக்கு ஆகும். ஓர் அடையில் பேடு கூடினால் அந்த வீட்டின் அடுத்த ஆண்டே மாறிவிடும்.

1990களில் இந்தக் கணக்கு இன்னும் இறுகியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் மின்சாரம் இல்லை. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மின்னில் இயங்கும் பொரிப்பு இயந்திரத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாத காலம் அது. அப்போதும் மண்ணெண்ணெய் கேட்காமல், மின் கேட்காமல், 21 நாளில் குஞ்சு பொரித்துக் கொடுத்தது அடைக்கோழி. வன்னியின் கோழி வளம் அந்த ஆண்டுகளில் நாட்டுப் பேடுகளின் வயிற்றுச் சூட்டில்தான் உயிர் பிழைத்தது. அதற்குரிய இடம் எந்த வரலாற்று நூலிலும் கிடைக்க வேண்டும்.

2009இல், போரின் இறுதிக் கட்டத்தில், அதுவும் அறுந்தது. கோழியும் மாடும் கைவிடப்பட்டன; மக்கள் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் அடைபட்டார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண் தலைமைக் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சும் கூடும் வழங்கப்பட்டன. அதன் பின் மின்சாரம் வந்தது, சிறிய பொரிப்பு இயந்திரங்களும் வந்தன. பழைய கேள்வி புதிய உருவத்தில் திரும்பியது: சூட்டைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ பேடு கூடுமா?

கூடாது. கோழியில் பாலைத் தீர்மானிப்பவள் தாய். சேவலுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தங்கள். பேட்டுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. முட்டையின் மஞ்சட்கரு சூலகத்தை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்பே, இந்த இரண்டில் எது முட்டையில் தங்குவது என்பது முடிந்துவிடுகிறது. ஓடு உருவாக அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். ஆகவே முட்டை கடகத்துக்கு வரும்போதே உள்ளிருப்பது பேடா சேவலா என்பது தீர்ந்த விடயம். அடைக்கோழியின் சூடும், இயந்திரத்தின் 37.5 பாகையும், ஈரப்பதனும் அதைத் திருப்ப மாட்டா.

சூடு பாலை மாற்றும் என்ற எண்ணம் வெறும் கற்பனையும் அல்ல. வன்னிக் குளங்களில் வாழும் குளத்து முதலைக்கு அது முழுக்கப் பொருந்தும். சென்னை முதலைப் பண்ணையின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர் ஜெப்ரி லாங்கும் 1989இல் வெளியிட்ட முடிவு இது: மாறாத வெப்பத்தில் அடை வைத்தபோது 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை பொரித்தவை எல்லாம் பெண், 32.5 பாகையில் எல்லாம் ஆண். முதலைக்குப் பால் நிறமூர்த்தம் இல்லை. கூட்டின் சூடே தீர்ப்புச் சொல்கிறது. ஊர்வனவற்றில் இந்த இயல்பை முதலில் கண்டு எழுதியவர் மதலின் சார்னியே. 1966இல், செனகலின் டக்கார் நகரில், ஓணான் இனம் ஒன்றில் அவர் கண்டார். ஒரே குளக்கரையில் முதலை முட்டைக்கு உண்மையாவது, கரையோர வீட்டின் கோழி முட்டைக்கு உண்மையாகாது.

பறவைகளில் ஒரு விதிவிலக்கு பேசப்படுவதுண்டு. ஆஸ்திரேலியாவின் புதர் வான்கோழி அழுகும் இலைக்குவியலின் சூட்டில் முட்டையைப் பொரிக்க விடும். ஆன் கோத், டேவிட் பூத் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, 31 பாகையில் ஆண் குஞ்சு கூடியது, 36 பாகையில் பெண் கூடியது, 34இல் சரிபாதி. அங்கும் சூடு ஆணைப் பெண்ணாக்கவில்லை. ஒரு வெப்பத்தில் ஒரு பால் முளையங்கள் அதிகம் இறந்தன. மிச்சத்தை எண்ணியபோது விகிதம் சாய்ந்தது. சூட்டை மாற்றிப் பேட்டைத் தேட நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அப்படிக் கிடைப்பது கூடுதல் பேடு அல்ல, குறைந்த குஞ்சு.

அப்படியானால் நம்பிக்கை இத்தனை காலம் எப்படி நிலைத்தது? அடை சிறியது என்பதால். பத்துக் குஞ்சு பொரித்தால் சரியாக ஐந்துக்கு ஐந்து அமைவது நான்கு அடைகளில் ஒன்றில்தான். ஏழுக்கு மூன்றோ, அதைவிடக் கோணலாகவோ அமைவது மூன்று அடைகளில் ஏறத்தாழ ஒன்றில். ஏழு பேடு வந்த அடையை வீடு நினைவில் வைத்திருக்கும். அன்று பார்த்த முட்டையின் வடிவத்தையும், அடை வைத்த நாளையும் காரணமாகச் சேர்த்துக்கொள்ளும்.

தாயின் நிலை விகிதத்தைச் சாய்க்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. சீசெல்ஸ் தீவுகளின் கதிர்க்குருவிகளைப் பற்றி யான் கொம்டூர் குழுவினர் 1997இல் எழுதினார்கள்: இரை குறைந்த இடத்தில் ஆண் குஞ்சு 77 வீதம், இரை நிறைந்த இடத்தில் 13 வீதம். அது முட்டையிடும் முன் தாயின் உடலுக்குள் நடப்பது. முற்றத்துக் கோழியில் அப்படி நம்பத்தக்க வழி எதுவும் கையில் இல்லை.

இருந்திருந்தால் பெரிய பொரிப்பகங்கள் எப்போதோ அதைக் கைக்கொண்டிருக்கும். அவை செய்தது, பொரித்த பின் பிரிப்பது. ஜப்பானின் கியோஷி மசுயி குழுவினர் 1920களில் ஒருநாள் குஞ்சின் பின்புறத்தைப் பார்த்துப் பால் அறியும் முறையைக் கண்டு உலகுக்குக் கற்பித்தார்கள். முட்டையினச் சேவற்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படும் கொடுமை அதிலிருந்து பெருகியது. ஜெர்மனி அதை 2022 சனவரி முதல் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே பாலை அறிந்து பிரிக்கும் முறைகள் அங்கு பயனுக்கு வந்துள்ளன. அந்த முறைகளும் உள்ளதை அறிகின்றனவே தவிர மாற்றுவதில்லை.

அடை வைப்பவரின் கையில் இருப்பது வேறு: எத்தனை முட்டை குஞ்சாகும் என்பது. வன்னியின் ஆடி, ஆவணி வெக்கையில் வீட்டுக்குள் கிடக்கும் முட்டை அரைகுறையாக வளரத் தொடங்கி, அடைக்குப் போகும் முன்பே கெட்டுவிடும். நாள்பட்ட முட்டையை ஒதுக்குவது, தண்ணீர்க் குடத்தின் குளிர்ச்சி படும் இடத்தில் சேர்த்து வைப்பது, ஒரு வாரம் சென்றதும் வெளிச்சத்தில் பிடித்துக் கூழ் முட்டையை நீக்குவது, அடைப்பெட்டியில் சாம்பல் தூவிப் பேனை விரட்டுவது ஆகியவை எல்லாம் பலன் தருபவை. இடிக்குப் பயந்து கரியும் இரும்பும் வைப்பதால் பயன் இல்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. தடைக்காலத்தில் அடை வைத்த தாய்மாரும் சுற்றுக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் முட்டையை எப்படிச் சேர்த்தார்கள், எத்தனை வைத்து எத்தனை பொரித்தார்கள் என்பதை மாணவர்கள் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். பேடு கூட்டித் தரும் என்று சொல்லி எவராவது பொரிப்பு இயந்திரம் விற்க வந்தால், வாங்க வேண்டாம்.