மிளகுக்கு உரமான காடு

மிளகின் வரலாற்றைக் கப்பல்களின் வரலாறாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். முசிறி, வாஸ்கோ ட காமா, டச்சுக்காரர்கள் என அது கடற்கரையோடு நின்றுவிடுகிறது. கொடியின் வேரில் என்ன இட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரை அந்தக் கேள்வியோடு அணுகினால் வேறொரு வரலாறு புலப்படுகிறது.

1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கும் முன்பே அத்தீவில் காம்பியர் தோட்டங்கள் இருந்தன. காம்பியர் இலைகளைக் கொதிக்கவைத்துச் சாற்றை வற்றக் காய்ச்சினால், வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புக் கட்டி கிடைக்கும். 1830களிலிருந்து பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிலும் சாயத்தொழிலும் அதை மிகுதியாக வாங்கின. சீனத் தோட்டக்காரர்கள், குறிப்பாகத் தியோச்சூ மக்கள், காம்பியரையும் மிளகையும் சேர்த்தே பயிரிட்டனர்.

இதற்குக் காரணம் உண்டு. மலபாரில் மிளகுக்கொடி உயிருள்ள மரத்தைப் பற்றிப் படர்கிறது. உதிரும் இலையே மக்கி அதற்கு ஊட்டமாகிறது. சீனரோ களையெடுத்த வெட்டவெளியில் மரக்கம்பங்களை நட்டு, அவற்றில் கொடியை நெருக்கமாக ஏற்றினர். விளைச்சல் மிகுந்தது, மண்ணின் பசியும் மிகுந்தது. பெருமழை சத்துக்களைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அப்பசிக்கு உணவானது, காய்ச்சியபின் எஞ்சிய காம்பியர் இலைச்சக்கை. அது கொடியின் அடியில் ஈரம் காத்தது, களையை அடக்கியது, மக்கி உரமாயிற்று.

கழிவு எதுவும் வீணாகாத அருமையான ஏற்பாடு என்றே தோன்றும். ஆனால், காம்பியருக்கு யார் உரமிட்டார்கள்? எவருமில்லை. பரந்த காம்பியர் நிலத்தின் சத்து, இலையின் வழியாகச் சிறிய மிளகுத் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. காய்ச்சும் அடுப்புக்கு விறகு தந்ததும் சுற்றியிருந்த காடுதான். ஏறத்தாழ 15, 20 ஆண்டுகளில் மண்ணும் ஓய்ந்தது, விறகும் தீர்ந்தது. தோட்டக்காரர் அடுத்த காட்டுக்கு நகர, கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. 1844 முதல் ஜொகூரின் தெமங்கோங் இப்ராஹிம் ஆற்றோரக் காடுகளைத் திருத்தச் சீனத் தலைவர்களுக்கு உரிமைப்பத்திரங்கள் வழங்கலானார். தோட்டங்கள் நீரிணையைத் தாண்டின. 1883இல் தாவரத் தோட்டக் கண்காணிப்பாளர் நதானியேல் கான்ட்லி கணக்கெடுத்தபோது, சிங்கப்பூரில் எஞ்சிய காடு ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே.

சரவாக்கிலும் இதே கதையின் மறுவடிவம் நிகழ்ந்தது. அங்கே சீன விவசாயிகள் மண்ணை விறகோடும் தழையோடும் மெல்ல எரித்து, அந்தச் சுட்ட மண்ணை மிளகின் அடியில் குவித்தனர். சாம்பல் மண்ணின் புளிப்பைத் தணித்தது. பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் தந்தது. ஆயினும் எரிந்தது மீண்டும் காட்டுமரமே. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் வேதியுரங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. சரவாக் மிளகின் இலைகளைப் பகுப்பாய்ந்து, ஊட்டத்துக்கும் நிலையான விளைச்சலுக்கும் உள்ள உறவை டச்சு ஆய்வாளர் டி வார்ட் 1969இல் நூலாக்கினார்.

ஜொகூரில் 1917இல் அந்த ஆற்றுரிமை முறை ஒழிக்கப்பட்டது. ரப்பர் அந்நிலங்களை எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் இன்று எஞ்சியிருப்பவை சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் முதலிய ஊர்ப்பெயர்கள். அவற்றிலுள்ள 'காங்', தோட்டங்கள் அமைந்த ஆற்றங்கரையைக் குறிப்பது. அடுக்குமாடிகளுக்கு நடுவே அப்பெயரைச் சொல்லும்போது, உரமாகிக் கரைந்துபோன ஒரு காட்டையும் சேர்த்தே சொல்கிறோம்.