மூன்றாம் கோணத்தை ஏன் அளந்தார்கள்?

முக்கோணத்தின் இரு கோணங்கள் தெரிந்தால், மூன்றாவதை 180 பாகையிலிருந்து கழித்துப் பெறலாம் என்பது பள்ளிப் பாடம். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் முக்கோண அளவைத் திட்டத்தார் இந்தக் கழித்தலை நம்பவில்லை. முதன்மை முக்கோணங்களில் இயன்றவரை மூன்று முனைகளுக்கும் தியோடலைட்டைச் சுமந்து சென்று, மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்தனர். கழித்துப் பெற்ற கோணம் மற்ற இரண்டின் பிழையையும் தனக்குள் மறைத்துக்கொள்ளும். அளந்து பெற்ற கோணமோ அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையை அடுத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன்பின் பக்கங்களின் நீளங்கள் பெரும்பாலும் கோணங்களிலிருந்தே கணிக்கப்பட்டன. ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்ததற்கு அடிக்கோடு. ஆகவே ஓரிடத்தில் நேர்ந்த கோணப் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்கும் பரவும்.

கூட்டுத்தொகை 180 பாகையாக அமைந்துவிட்டால் அளவீடு சரி என்றும் கொள்ள முடியாது. புவியின் பரப்பு வளைந்தது. அதன்மீது வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைச் சற்றே விஞ்ச வேண்டும். பக்கம் 50 கிலோமீட்டர் கொண்ட சமபக்க முக்கோணத்தில் இந்த மிகை ஏறத்தாழ 5.5 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு). இம்மிகையில் மூன்றிலொரு பங்கை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் நீக்கினால், தள முக்கோணம்போலவே கணக்கிடலாம் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெழாந்தர் 1787இல் காட்டியிருந்தார். மிகையையும் கழித்த பின் எஞ்சுவதே உண்மையான பிழை.

இத்துணை நுட்பத்திற்கு வேண்டிய கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது அதை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. அதன் வட்டத் தகடு வளைந்தது. லாம்டன் அடுத்த சில வாரங்கள் கூடாரத்திற்குள் அடைந்திருந்து அதைத் தம் கையாலேயே நிமிர்த்தினார்.

அளந்தவர் கதை இவ்வாறு பதிவானது. கணித்தவர் கதை வேறு. 1831இல் கணிப்பாளராகச் சேர்ந்த ராதாநாத் சிக்தர், பின்னர் தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தார். எவரெஸ்ட் சிகரத்தை முதலில் கண்டுணர்ந்தவர் அவரே என்னும் புகழ்பெற்ற கதைக்கு ஆவணச் சான்று மெலிந்தது என்பது என் கருத்து. அதைவிட உறுதியான சான்று 1851இல் வெளிவந்த அளவை வழிகாட்டி நூல். அதன் கணிதப் பகுதிகளில் சிக்தரின் பங்களிப்பை முன்னுரை வெளிப்படையாக ஏற்றிருந்தது. அவர் 1870இல் மறைந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த ஒப்புதல் காணாமற்போனது. அவர் எழுதிய பகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. அடுத்த ஆண்டு ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா இதழில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர், அளவைத் துறையைச் சேர்ந்த ஓர் ஆங்கில அதிகாரி.