23,000 வருஷத்துக்கு முந்தைய தூண்டில் முள்

தூண்டில் முள்ளுன்னா நமக்கு இரும்புதான் ஞாபகம் வரும், இல்லையா? ஆனா உலோகமே தெரியாத காலத்துலயும் முள் இருந்துச்சு.

ஜப்பானின் ஒகினாவா தீவில் சகிதாரின்னு ஒரு குகை. அங்கே கிடைத்த முட்களைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. வயசு சுமார் 23,000 வருஷம். இதுவரை கிடைத்ததில் மிகப் பழசுகளில் ஒன்று.

கடல் நத்தை ஓட்டை உடைச்சு, தேய்ச்சுத் தேய்ச்சுப் பிறை மாதிரி வளைச்சிருக்காங்க. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை.

இதுல என்ன பெரிய விஷயம்? வேட்டைக்குப் பெரிய மிருகம் அதிகம் இல்லாத சின்னத் தீவுல ஆதிமனிதர்கள் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாதுன்னு ஒரு எண்ணம் இருந்தது. குகை வேற கதை சொல்லுது. விலாங்கு மீன் எலும்பு, ஆற்று நண்டு ஓடு, நத்தை ஓடுன்னு சாப்பிட்ட மிச்சம் குவிஞ்சு கிடக்கு. நண்டு ருசியா இருக்கும் இலையுதிர் காலம் பார்த்து, தலைமுறை தலைமுறையா அங்கே வந்திருக்காங்க.

அங்கேயே இன்னொரு முள்ளும் கிடைத்தது. பாதி தேய்ச்ச நிலையில். யாரோ வேலையைத் தொடங்கியிருக்காங்க, முடிக்கலை. எனக்கு அவரைத்தான் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு.