முடிவுறாத பூங்கா

களியாட்டப் பூங்கா ஒன்றைப் பற்றி வரலாற்றுப் பேச்சு நிகழ்த்துவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். மன்னர் நடத்திய போர்களும் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் வரலாறாகும். குழந்தைகள் ஏறிச் சுற்றும் இராட்டினமும் வரலாறாகுமோ என அவர்கள் வினவுவர். ஆகும் என்பதே விடை. ஒரு சமுதாயம் எதனைப் போற்றிக் காக்க விழைகின்றது, எதனைக் கைவிட உடன்படுகின்றது என்பது அதன் கோயில்களிலும் நூல்நிலையங்களிலும் புலப்படுவதுபோல அதன் விளையாட்டிடங்களிலும் புலப்படும். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் அமைந்த டிஸ்னிலாந்து என்னும் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும். அப்பூங்காவில் அன்பு கொண்டோர் அது மாறலாமா, மாறலாமெனில் எவ்வளவு மாறலாம் என்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகத் தம்முள் வாதாடி வருகின்றனர்.

இவ்வாதத்தின் வேரைக் காண வேண்டுமாயின் முதலில் டென்மார்க்கு நாட்டுக்குச் செல்லுதல் வேண்டும். அந்நாட்டின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில், நகர மதிலின் மேற்கு வாயிற்புறத்தே, 1843ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆம் நாள் டிவோலி என்னும் பூங்கா திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர் ஜோர்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர். மக்கள் களிப்புற்றிருக்கும் வேளையில் அரசியலைப் பற்றி எண்ணமாட்டார்கள் என்று கூறி அவர் மன்னர் எட்டாம் கிறிஸ்டியனின் இசைவைப் பெற்றார் என்பர். டிவோலி ஒருபோதும் முடிவு பெறாது என்பதும் அவர் கூற்றாக வழங்கி வருகின்றது. அக்கூற்றுப் பொய்க்கவில்லை. 1874இல் எழுந்த ஊமைநாடக அரங்கும், 1914இல் அமைந்த மரத்தாலான உருள்வண்டிப் பாதையும் இன்றும் அங்கே உள்ளன. அவ்வண்டியைத் தடுத்து நிறுத்தும் ஊழியர் இன்றும் வண்டியிலேயே அமர்ந்து செல்கின்றார். 1944இல் நாசிகளின் கையாட்கள் வெடிவைத்துப் பல கட்டடங்களைத் தகர்த்தபோது, இசைமண்டபமும் அழிந்தது. பூங்கா சில வாரங்களில் மீண்டும் திறக்கப்பட்டது. அழிந்த இசைமண்டபத்துக்குப் பதிலாக 1956இல் எழுந்ததோ புதுப்பாணியில் அமைந்த வேறொரு மண்டபம். பழையதும் புதியதும் அங்கே அருகருகே வாழக் கற்றுக்கொண்டன.

இந்த டிவோலியை 1951இல் சென்று கண்டவர்களுள் ஒருவர் வோல்ட் டிஸ்னி. கேலிச்சித்திரத் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்றிருந்த அவர், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக மகிழத்தக்க தூய்மையான பூங்கா ஒன்றைக் கனவு கண்டுகொண்டிருந்தார். லொஸ் ஏஞ்சலீஸ் நகருக்குத் தென்கிழக்கே, அனஹைம் என்னும் ஊரில், தோடந்தோட்டங்கள் நிறைந்த 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஓராண்டுக் காலத்தில், ஒரு கோடியே எழுபது இலட்சம் டொலர் செலவில் அவர் அமைத்த பூங்கா 1955 யூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது. திறப்பு நாளில் வெயிலின் கொடுமையாற் புதிதாய் இட்ட தார் இளகிற்று. குழாய் பொருத்துந் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தாற் குடிநீர் கிடைப்பது அரிதாயிற்று. கள்ளச் சீட்டுகளால் நுழைந்தோர் பல்லாயிரவர். அவ்வாறு தடுமாற்றத்தோடு பிறந்த பூங்காவே பின்னர் உலகெங்கும் எழுந்த பல பூங்காக்களுக்கு முன்மாதிரியாயிற்று.

திரைப்படத்தில் வெற்றி கண்ட ஒருவர் பூங்காவை ஏன் நாடினார்? அதற்கு அவரே காரணம் கூறியுள்ளார். திரைப்படம் ஒருமுறை முடிந்து வெளியேறிவிட்டால், அதிற் குறை காணினும் பின்னர்த் திருத்த இயலாது. பூங்காவோ உயிருள்ள பொருள் போன்றது. மரங்கள் வளரும், புதியன சேரும், பிழைகள் திருந்தும் என்பது அவர் கருத்து. உலகிற் கற்பனை எஞ்சியிருக்கும் வரையில் டிஸ்னிலாந்து நிறைவு பெறாது என்றும் அவர் சொல்லிவந்தார். சொல்லியவாறே செய்தும் காட்டினார். முதலாண்டில் அமைத்த சர்க்கஸ் மக்களைக் கவரவில்லை. அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. 1959இல் மாற்றர்ஹோன் மலையும், நீர்மூழ்கிப் படகுகளும், ஒற்றைத் தண்டவாள வண்டியும் ஒரே காலத்திற் சேர்ந்தன.

1966 டிசம்பர் 15ஆம் நாள் வோல்ட் டிஸ்னி காலமானார். அன்று முதல் வாதத்தின் தன்மை மாறிற்று. நிறுவியவர் வாழ்ந்த காலத்தில் மாற்றம் அவர் விருப்பம். அவர் மறைந்த பின்னர் ஒவ்வொரு மாற்றமும் அவர் கைபட்ட பொருளை அழிப்பதாகவும் தோன்றலாம், அவர் கொள்கையை நிறைவேற்றுவதாகவும் தோன்றலாம். அன்பர்கள் இரு சாராராயினர். ஒரு சாரார், அவர் நடந்த தெருவையும் வைத்த விளக்கையும் பேண வேண்டும் என்றனர். மறுசாரார், தேங்கி நிற்கும் பூங்காவை அவரே வெறுத்திருப்பார் என்றனர். இருவரும் எடுத்துக் காட்டிய ஆதாரமோ ஒரே மனிதரின் வாழ்வும் வாக்குமாம். ஆதலின் நிறுவியவர் வாக்கு இவ்வழக்கைத் தீர்க்கவில்லை.

மாற்றமே தேவையில்லை என்னும் கட்சிக்கு முதல் மறுப்பாக அமைந்தது பூங்காவின் ஒரு பகுதியேயாகும். ‘நாளைய உலகம்’ எனப் பெயரிய அப்பகுதி, 1986ஆம் ஆண்டில் உலகம் எவ்வாறிருக்கும் என்று 1955இற் காட்ட முற்பட்டது. எதிர்காலத்தைக் காட்சிப்பொருளாக வைப்பவர்க்கு நேரும் இடர் யாதெனில், அவ்வெதிர்காலம் வந்துவிடுவதே. அங்கே மக்கள் கற்பனையாகச் சந்திரனுக்குப் பயணஞ் செய்தனர். 1969இல் மனிதர் மெய்யாகவே சந்திரனில் இறங்கினர். ஆகவே 1975இல் அக்காட்சி செவ்வாய்ப் பயணமாக மாற்றப்பட்டது. அங்கே 1957இல் எதிர்கால வீடு ஒன்று பிளாஸ்டிக்கினால் அமைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து அதனை இடிக்க முற்பட்டபோது, இடிக்கும் இரும்புக் குண்டு சுவரிற் பட்டுத் துள்ளித் திரும்பியதாம்; ஏறத்தாழ இரண்டு வாரம் அறுத்தும் பிளந்துமே அதனை அகற்ற முடிந்தது. பொருள் உறுதியாய் நின்றது. அதன் கருத்தே முதலில் மூப்படைந்தது.

எனினும், புதியது என்னும் ஒரே காரணத்தால் ஒன்று சிறப்படைவதில்லை. அதே பகுதியில் 1967 முதல் மெல்ல ஊர்ந்து சென்ற ‘மக்கள் ஊர்தி’ என்னும் வண்டித்தொடர் 1995இல் நிறுத்தப்பட்டது. முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் அமர்ந்து இளைப்பாறிய வண்டி அது. அதே பாதையில் 1998இல் விரைந்தோடும் வண்டிகள் விடப்பட்டன. மெல்லச் செல்வதற்கென அமைந்த பாதை அவ்விரைவைத் தாங்கவில்லை. அடிக்கடி பழுதுற்ற அவ்வண்டிகள் 2000ஆம் ஆண்டில் நின்றுபோயின. அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் வெறும்பாதை மட்டும் தலைக்குமேலே நின்றது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலையை அன்பர்கள் கண்ணாற் கண்டனர்.

மக்கள் குரல் எவ்வளவு செல்லும் என்பதற்கும் இவ்வரலாற்றில் விடையுண்டு. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கென ஆபிரகாம் லிங்கன் எழுந்து நின்று உரையாற்றுவது போன்ற இயந்திரப் பாவையை டிஸ்னி உருவாக்கினார். அதன் மறுபடிவம் 1965இல் டிஸ்னிலாந்துக்கு வந்தது. 1973இல் லிங்கனை அகற்றி டிஸ்னியின் வாழ்க்கை வரலாற்றுக் காட்சியை வைத்தபோது மக்கள் முறையிட்டனர்; 1975இல் லிங்கன் திரும்பினார். நிறுவியவரைப் போற்றும் காட்சிக்காக, நிறுவியவர் போற்றிய காட்சியை விலக்கியதை மக்கள் ஏற்கவில்லை.

புளோரிடா மாநிலத்தில் 1971இல் திறக்கப்பட்ட உடன்பிறந்த பூங்காவில் இதற்கு மாறானதொன்று நிகழ்ந்தது. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய கதையொன்றில் வரும் திருவாளர் தேரை மோட்டார் வண்டியில் வெறிகொண்டு திரிபவர். அவரோடு வண்டியேறி, இறுதியில் நரகத்தின் வாயிலையும் கண்டு மீளும் விந்தைப் பயணம் ஒன்று அங்கே இருந்தது. அது மூடப்படும் என்னும் செய்தி 1997இற் பரவியதும், அன்பர்கள் பச்சைச் சட்டை அணிந்து அவ்விடத்திற் கூடினர், கடிதங்கள் விடுத்தனர், அமைதியாக மறுப்புத் தெரிவித்தனர். பயனில்லை. 1998 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கரடிக்குட்டி பூவின் கதை அங்கே குடிபுகுந்தது. புதிய காட்சியின் சுவரில், திருவாளர் தேரை தம் காணி உறுதியை ஆந்தையாரிடம் ஒப்படைப்பது போன்ற படம் ஒன்று மாட்டப்பட்டது. போனவரை மறக்கவில்லை என்று கூறுவது அப்படம். ஆனாற் பூங்கா ஒரு வாணிகக் கழகத்தின் உடைமை. அன்பர்க்குக் குரல் உண்டேயன்றி வாக்குரிமை இல்லை என்பதையும் அப்படம் உணர்த்தியது.

அதே 1998இல், அதே பூங்காவிற் பாடும் இயந்திரப் பறவைகளின் மண்டபமும் மாற்றப்பட்டது. திரைப்படங்களில் வந்த இரு பறவைகள் புதிய உரிமையாளராக அமர்ந்து பழைய காட்சியை எள்ளி நகையாடின. பழையதை நேசித்து வந்தோர் காசு கொடுத்துத் தம் நேசத்துக்கு ஏளனம் கேட்க நேர்ந்தது. 2011 சனவரியில் அங்கே தீ மூண்டு சேதம் விளைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்டபம் மீளத் திறந்தபோது, சிறிது சுருங்கிய வடிவிற் பழைய காட்சியே திரும்பி வந்திருந்தது.

நிற்க. இதுகாறும் கூறியவை சுவையும் நினைவும் பற்றிய வழக்குகள். இவற்றினும் ஆழமானதொரு வழக்கும் உண்டு. 1967இல் திறக்கப்பட்ட ‘கரிபியன் கடற்கொள்ளைக்காரர்’ என்னும் படகுப்பயணம் இவ்வகைக் கலையின் உச்சமெனப் பலராற் போற்றப்படுவது. அதிலே கயிற்றாற் பிணித்த பெண்களை ஏலம் விடும் காட்சி ஒன்றும், பெண்களைக் கொள்ளையர் துரத்தும் காட்சி ஒன்றும் நகைச்சுவையாக அமைந்திருந்தன. துரத்தும் காட்சி 1997இல் மாற்றப்பட்டது. ஏலக் காட்சி 2018இல் மாறிற்று. ஏலப்பொருளாக நின்ற செங்கூந்தற் பெண் தானே கொள்ளைக்காரியாகி, கொள்ளைப் பொருளை ஏலம் விடுவோர் பக்கம் நின்றாள். கொள்ளைக்காரரை நல்லவராக்குவது பொய்ம்மை என்றனர் பழைமைவாதிகள். தம் மகளை அருகில் இருத்திக்கொண்டு அக்காட்சிக்குச் சிரிப்பது எவ்வாறு என வினவினர் மற்றையோர்.

1989இல் அமைந்த ‘ஸ்பிளாஷ் மலை’ என்னும் நீர்ச்சறுக்குப் பயணத்தின் வழக்கு இன்னும் பெரிது. அதன் கதை 1946இல் வெளிவந்த ‘சோங் ஒப் த சவுத்’ என்னும் திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது. தென்மாநிலத் தோட்டத்துக் கருநிற மக்களின் வாழ்வை இன்னலற்ற வாழ்வெனக் காட்டியதற்காக அப்படம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவில் வீட்டிற் பார்க்கும் ஒளிநாடாவாகவும் அதனைக் கழகம் வெளியிடவில்லை. ஆயினும் அந்நீர்ச்சறுக்கில் வளர்ந்த தலைமுறையினர் அப்படத்தை அறியார்; அவர்கள் அறிந்தது பாட்டும், முயலும், இறுதியில் நீருள் வீழும் களிப்புமே. 2020இல் அதன் கதை மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டதும், மாற்றுக என்றும் மாற்றற்க என்றும் இரு திறத்தாரும் விண்ணப்பங்களிற் கையொப்பம் திரட்டினர். 2023இல் அது மூடப்பட்டது. கருநிற இளவரசி தியானாவின் கதையோடு 2024இல் இரு பூங்காக்களிலும் மீளத் திறக்கப்பட்டது. பாதையும் வீழ்ச்சியும் பழையனவே. கதை மட்டும் புதியது.

இவ்வழக்குகளில் ‘முதலிற் போல் இருக்கட்டும்’ என்னும் வாதம் அடிக்கடி எழுவதுண்டு. எது முதல் என்று ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும். 1955இல் தொடங்கிய காட்டாற்றுப் படகுப்பயணத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல், ஆதிக்குடிகளை இழிவாகக் காட்டிய உருவங்கள் அங்கிருந்து நீக்கப்பட்டபோது, பழைய நகைச்சுவை போயிற்றே என வருந்தினோர் பலர். ஆனால் அப்படகோட்டிகள் தொடக்கத்தில் நகைச்சுவை கூறவில்லை. இயற்கை பற்றிய திரைப்படத்தின் விளக்கவுரை போலவே நிதானமாகப் பேசினர். 1960களின் தொடக்கத்தில் யானைகள் நீராடும் காட்சி முதலியன சேர்ந்த காலத்திலேதான் வேடிக்கை மிகுந்தது. ஒரு தலைமுறையினர் பழைமை என்று காப்பது, முந்திய தலைமுறையினர் கண்ட புதுமை. காலத்துக்கேற்ப மாறுவது குற்றமன்று என நன்னூலார் மொழிக்கு வகுத்த நெறி, களியாட்டுக்கும் ஒத்துவருகின்றது.

ஆயினும் மாறுவன அனைத்தும் ஒரு தன்மையன அல்ல என்பதையே இவ்வரலாறு புகட்டுகின்றது. காலத்தால் பொருளிழந்த சந்திரப்பயணத்தை மாற்றியபோது எவருக்கும் இழப்பில்லை. எவரையும் புண்படுத்தாத தேரையின் பயணத்தை அகற்றியபோது, தந்தையொருவர் தாம் ஏறிய வண்டியில் மகனை ஏற்றும் வாய்ப்புப் போயிற்று, அவ்விழப்பு மெய்யானதே. ஏலக் காட்சியை மாற்றியபோதும் சிலருக்கு இழப்பு நேர்ந்தது. ஆனால் அதனைக் காத்திருந்தால், அச்சிரிப்பின் விலையை வேறு சிலர் கொடுத்திருப்பர். எனவே, ஒன்று பழையதா புதியதா என்று வினவுவது போதாது; அதனாற் களிப்பவர் யார், அக்களிப்பின் சுமையைத் தாங்குபவர் யார் என்று வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவினால், தேரைக்காகப் பச்சைச் சட்டை அணிந்து நின்றவரும், ஏலக் காட்சியை மாற்றுக என்றவரும் ஒருவர்க்கொருவர் பகைவர் அல்லர் என்பது விளங்கும். தம் பிள்ளைகளைத் தயக்கமின்றி அழைத்துச் செல்லத்தக்க இடமாக அது நிலைக்க வேண்டும் என்பதே இரு திறத்தாரின் வேண்டுகோளும் ஆகும். தோடந்தோட்டத்தை வாங்கியவர் நாடியதும் அதுவே.