பத்து ஏக்கர் பந்தி

குட்டி லாரியின் பின்பக்கத்தில் கொக்கியைத் தட்டினால் கீழே இறங்குமே ஒரு பலகை, அதற்கு அமெரிக்காவில் டெயில்கேட் என்று பெயர். அந்தப் பலகையை இறக்கி, அதன்மேல் சாப்பாட்டைப் பரப்பி, ஃபுட்பால் ஆட்டம் தொடங்க நான்கைந்து மணி நேரம் இருக்கும்போதே மைதானத்துக்கு வெளியே கூடித் தின்று குடித்துக் கும்மாளம் போடுவதுதான் டெயில்கேட்டிங். இந்த ஃபுட்பால் நம்மூர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டம். அதன் விதிகள் எனக்கு இன்றைக்கும் அரைகுறைதான். ஆனால் மிஸிஸிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டில், பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ‘க்ரோவ்’ என்ற மரத்தோப்பில், ஓர் அக்டோபர் சனிக்கிழமை முதல்முறையாக டெயில்கேட்டிங் போனேன். திரும்பி வந்தபின் பல மாதங்கள் அந்தப் பத்து ஏக்கரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் சடங்குக்கும் ஒரு தலபுராணம் இருக்கும். டெயில்கேட்டிங்குக்குக் குறைந்தது மூன்று. முதலாவது உள்நாட்டுப் போரிலிருந்து. 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் ஓடையருகே வடக்கும் தெற்கும் மோதியபோது, வாஷிங்டனிலிருந்து கனவான்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் குதிரை வண்டிகளில் சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்கக் கிளம்பினார்கள். வடக்குப் படை தோற்று ஓட, சாலையில் சிப்பாயும் கூடைக்காரர்களும் ஒன்றாக முண்டியடித்தார்கள். நியூயார்க்கின் ஆல்ஃப்ரெட் ஈலி என்ற காங்கிரஸ் உறுப்பினர் தெற்கின் கையில் கைதியாகவே சிக்கிக்கொண்டார். இரண்டாவது, 1869 நவம்பர் 6. நியூ ஜெர்ஸியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். பக்கத்துக்கு 25 பேர், பார்க்க வந்தவர்கள் நூறு பேர் போல. அதில் சிலர் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள் என்பது கதை. மூன்றாவது விஸ்கான்சினின் க்ரீன் பே. 1919இல் அங்கே தொடங்கிய பேக்கர்ஸ் அணிக்கு மைதானத்தில் வேலியும் கிடையாது, இருக்கையும் கிடையாது. விவசாயிகள் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிவந்து எல்லைக்கோட்டருகே நிறுத்தி, பலகையை இறக்கி அதிலேயே உட்கார்ந்தார்களாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இறைச்சியை டப்பாவில் அடைக்கும் ஒரு கம்பெனி சட்டை வாங்க 500 டாலர் கொடுத்ததால் வந்த பெயர் ‘பேக்கர்ஸ்’. சாப்பாட்டுக்கும் அந்த அணிக்கும் பிறப்பிலேயே உறவு. ஆனால் ஃபோர்டு கம்பெனி பின்பெட்டி வைத்த வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது 1925இல்தான். அதற்கு முன்னால் ஆட்கள் காரை வெட்டி ஒட்டித் தங்களுக்கு வேண்டியதுபோல் செய்துகொண்டார்கள். கதை பொய் என்று சொல்லவில்லை, கொஞ்சம் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

என்னைக் கேட்டால் டெயில்கேட்டிங்கின் அப்பா அம்மா பார்க்கிங் இடமும் நெடுஞ்சாலையும்தான். 1956 சட்டத்துக்குப் பிறகு மாநிலங்களுக்கு இடையே பெருஞ்சாலைகள் வந்தன. பின்கதவு திறக்கும் நீள ஸ்டேஷன் வேகன் கார்கள் வீட்டுக்கு வீடு வந்தன. 1952இல் வெபர் என்ற பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடலில் மிதக்கும் உலோக மிதவைகளைப் போன்ற அரைக்கோளத்தில் மூடி போட்ட கரியடுப்பைச் செய்தார். ஸ்டேடியத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கார் நிற்கத் தார் போட்டார்கள். கார், அடுப்பு, தார், மாலைவரை பொழுது. பிறகென்ன!

ஆனால் நான் போன க்ரோவில் இதில் எதுவுமே கிடையாது. அங்கே வண்டி நிறுத்த 1991லேயே தடை வந்துவிட்டது. அடுப்பு மூட்டவும் அனுமதி இல்லை. டெயில்கேட்டே இல்லாத டெயில்கேட்டிங். வெள்ளிக்கிழமை இரவே ஓடிப்போய் இடம் பிடித்து, ஓக் மரங்களுக்கும் மக்னோலியா மரங்களுக்கும் நடுவே சிவப்பும் நீலமுமாகக் கூடாரம் போடுகிறார்கள். சில கூடாரங்களில் சரவிளக்கு தொங்கியது. வெள்ளித் தட்டில் பொரித்த கோழி, மஞ்சள் கருவை மசித்து அடைத்த முட்டை, மிளகாயும் சீஸும் பிசைந்த சாண்ட்விச். ஆண்கள் கழுத்தில் டை, பெண்கள் பட்டுப்போன்ற கவுன்.

என்னைக் கூட்டிப்போன ஆராய்ச்சி மாணவன் சேரன்மாதேவிப் பையன். அங்கே மூன்றாவது வருடம். கிளம்பும்போதே சொன்னான்: “அண்ணே, சட்டைய இன் பண்ணிக்கோங்க. இங்க கல்யாணத்துக்கு வர்ற மாதிரிதான் வருவாங்க.”

சும்மா சொல்லக்கூடாது, கல்யாணத்தில்கூட அப்படி உபசரிக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத கூடாரத்தைக் கடக்கும்போதே ஒரு அம்மா தட்டை நீட்டினார். மறுத்தால் அடுத்த கூடாரத்து அம்மா. “மொய் எழுதணுமாடா?” என்று பையனிடம் கேட்டேன். “சாப்பிட்டா போதும்ணே, அதுதான் மொய்.” முட்டையை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது ‘ஹாட்டி டாடி’ என்று ஒரு கூச்சல். அந்த ஊர்க்காரர்கள் வணக்கத்துக்கும் சொல்கிறார்கள், வெற்றிக்கும் சொல்கிறார்கள். அர்த்தம் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. நானும் இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். தொண்டைக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அணி வீரர்கள் தோப்பின் நடுவிலுள்ள செங்கல் பாதையில் நடந்து ஸ்டேடியத்துக்குப் போவார்கள். பாதையின் தொடக்கத்தில் ஒரு வளைவு. அதன் கீழே அவர்கள் நுழையும்போது கூட்டம் தேர் பார்ப்பதுபோல் எம்பியது. அந்த வளைவை 1998இல் பரிசாகக் கொடுத்தது 1962 அணி என்று பையன் சொன்னான். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே ஒரு ஆட்டமும் தோற்காமல், சமனும் செய்யாமல் முடித்த ஒரே அணி அதுதான்.

1962 என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடத்தை நான் வேறு காரணத்துக்காகப் படித்திருந்தேன்.

ஜேம்ஸ் மெரிடித் ஒன்பது வருடம் விமானப்படையில் இருந்துவிட்டு, ஜாக்ஸனிலுள்ள கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். ‘ஓல் மிஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். (அந்தச் செல்லப்பெயரே பண்ணை எஜமானியை அடிமைகள் அழைத்த சொல்.) நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது. ஆளுநர் ராஸ் பார்னெட் முடியாது என்றார். செப்டம்பர் 29, சனிக்கிழமை, ஜாக்ஸன் நகரத்து ஸ்டேடியத்தில் ஓல் மிஸ்ஸுக்கும் கென்டகிக்கும் ஆட்டம். இடைவேளையில் பார்னெட் மைதான நடுவே வந்து மைக் பிடித்தார். மிஸிஸிப்பியை நேசிக்கிறேன், அதன் மக்களை நேசிக்கிறேன், நம் வழக்கங்களை மதிக்கிறேன் என்கிற பொருளில் இரண்டு மூன்று வாக்கியம். அவ்வளவுதான். தெற்குப் படையின் கொடிகள் அரங்கு முழுக்க அசைந்தன. எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அங்கே ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்தை ஓல் மிஸ் 14–0 என்று ஜெயித்தது.

மறுநாள் ஞாயிறு மாலை, 250 கிலோமீட்டர் வடக்கே, ஆக்ஸ்ஃபோர்டில், லைஸியம் என்ற வெள்ளைத்தூண் கட்டடத்தைச் சுற்றி மத்திய அரசின் மார்ஷல்கள் நின்றார்கள். லைஸியத்துக்கு முன்னால் ஒரு வட்டப் புல்வெளி, அதைத் தாண்டினால் க்ரோவ். கல், பாட்டில், பிறகு துப்பாக்கி. கென்னடி தொலைக்காட்சியில் பேசியபோது, போர்க்களத்திலும் ஃபுட்பால் களத்திலும் அவர்கள் ஈட்டிய கௌரவத்தை நினைவூட்டி மாணவர்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அதற்குள் இங்கே கண்ணீர்ப்புகை வீச ஆரம்பித்திருந்தார்கள். விடிவதற்குள் இரண்டு பேர் செத்திருந்தார்கள்: பால் கியார் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர், ரே கன்ட்டர் என்ற உள்ளூர் ஜூக்பாக்ஸ் மெக்கானிக். மார்ஷல்களில் 160 பேருக்குமேல் காயம், அதில் 28 பேருக்குக் குண்டுக்காயம். அக்டோபர் 1 காலை மெரிடித் பதிவு செய்துகொண்டு வகுப்புக்குப் போனார். முதல் வகுப்பு அமெரிக்கக் காலனிய வரலாறு.

அந்த வார இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் நடக்க இருந்த ஆட்டத்தை ஜாக்ஸனுக்கு மாற்றினார்கள். அணி ஜெயித்துக்கொண்டே போனது. மெரிடித் சாப்பாட்டுக் கூடத்தில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார். அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட சில வெள்ளை மாணவர்களின் அறைகளைப் புகுந்து நாசம் செய்தார்கள்.

கலவரத்தைவிட இந்த மேசைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. கலவரம் ஒரு ராத்திரி. மேசை தினமும் மூன்று வேளை. சேரன்மாதேவிப் பையனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். “எங்க ஊரு குருகுலத்துச் சண்டையும் சாப்பாட்டுலதானே ஆரம்பிச்சுது” என்றான் பிறகு. 1920களில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே பந்தி போட்டதைச் சொல்கிறான். அள்ளிக் கொடுக்கிற கை எந்த ஊரிலும் உண்டு. யாரை உள்ளே வைத்துக்கொண்டு அள்ளுகிறது என்பதுதான் கேள்வி.

ஓல் மிஸ் ஃபுட்பால் அணியில் முதல் கறுப்பின வீரர்கள், பென் வில்லியம்ஸும் ஜேம்ஸ் ரீடும், ஆடியது 1972இல். பத்து வருடம் கழித்து, ஜான் ஹாக்கின்ஸ் என்ற முதல் கறுப்பினச் சியர்லீடர் தெற்குக் கொடியைத் தூக்க மாட்டேன் என்றார். 1997இல் பல்கலைக்கழகம் கொடியைத் தடுக்க ஒரு தந்திரம் செய்தது: ஸ்டேடியத்துக்குள் கம்பு கொண்டுவரக் கூடாது. கொடி பிடிப்பது பேச்சுரிமை, கம்பு பிடிப்பது உரிமையா என்ன? கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் கொடியைக் கொடி என்று சொல்லித் தடுக்கத் துணிச்சல் வரவில்லை என்றும் அதைப் படிக்கலாம். மெரிடித்துக்கு 2006இல் சிலை வைத்தார்கள். 1906இல் நிறுத்திய தெற்குச் சிப்பாய் சிலையை வட்டப் புல்வெளியிலிருந்து 2020இல்தான் அகற்றி, வளாகத்திலேயே உள்ள போர்க்காலக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போன அன்று தோப்பில் எல்லாரும் இருந்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன, சில கூடாரங்களில் இரண்டு நிறமும் கலந்து இருந்தன. பெரும்பான்மை வெள்ளைதான், அதையும் சொல்லவேண்டும். எங்களுக்குத் தட்டு நீட்டிய ஒரு கூடாரத்தில் 80 வயது தாண்டிய பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியில் இருந்தார். நான் முதல்முறை வந்தவன் என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். வளைவைக் காட்டி, 1962 அணி யாரை எத்தனைக்கு எத்தனை ஜெயித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கென்டகி ஆட்டத்துக்கு வந்தபோது, “நான் அங்கே இருந்தேன்” என்றார். அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். மழை இல்லாத நல்ல ராத்திரி என்றார். பிறகு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார். கையில் அவர் வீட்டுக் கோழித்துண்டு. நான் எதுவும் கேட்கவில்லை.

பார்னெட் மைக் பிடித்த அந்த ஜாக்ஸன் ஸ்டேடியம் இப்போது யாருடைய சொந்த மைதானம் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். ஜாக்ஸன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினுடையது. மெரிடித் ஓல் மிஸ்ஸுக்கு வருமுன் படித்த அதே கறுப்பினக் கல்லூரி. பிறகு புகழ்பெற்ற வால்ட்டர் பேட்டன் ஆடிய அணியும் அதுதான். மூன்று வாரம் கழித்துப் பையனும் நானும் அங்கேயும் போனோம். இங்கே தார்த் தரை, லாரி, பீப்பாயை நெடுக்கே வெட்டிச் செய்த கரியடுப்பு, எல்லாம் உண்டு. டை இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளியே புகை கண்ணைக் கரித்தது. ‘சோனிக் பூம்’ என்கிற அவர்களுடைய பேண்டு வாத்தியக் குழு எங்கேயோ ஒத்திகை பார்க்க, முரசுச் சத்தம் நெஞ்சில் இடித்தது. ஒரு லாரியின் பின்பலகையில், நிஜமான டெயில்கேட்டில், பன்றி விலாவை வெட்டிக்கொண்டிருந்தவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். “முதல்முறையா?” என்றார். ஆமாம் என்றோம். கத்தியை வைத்துவிட்டு, பலகையில் கிடந்த பாத்திரங்களை ஓரமாகத் தள்ளி, இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினார்.